கரவன் டயருக்குப் பொருத்தம் பார்த்த கிருஷ்ணராசா

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் கிருஷ்ணராசாவைத் தெரியாத தமிழர் இருக்கலாம். ஆனால் கலியாண வயதில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவரைத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. பகலில் குழாய் வேலை. ஒழுகுகிற பைப், சூடேறாத பொயிலர் என்று வான் ஓடிக்கொண்டே இருக்கும். மாலையில் குளித்து, திருநீறு பூசி, பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்தால் சாதகப் பொருத்தம். இதுவரை அறுபத்துமூன்று சோடிகளைச் சேர்த்துவைத்திருக்கிறார். பிரிந்தவை இரண்டே இரண்டு. அதற்கும் பிறந்த நேரத்தைப் பிழையாகச் சொன்ன தாய்மார்தான் காரணம் என்று அடித்துச் சொல்வார்.

இந்த மனிதர் ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பழைய கரவனை வாங்கி வீட்டு வாசலில் நிறுத்தினார். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற, உள்ளே கட்டிலும் அடுப்பும் இருக்கிற வண்டி. வாங்கச் சொன்னது மனைவி தயாளினி. ஆஸ்பத்திரி லோண்டரியில் பத்தொன்பது வருடம் ஊரார் படுத்த விரிப்புகளைத் தோய்த்து மடித்தவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. காலையில் கண் விழித்தால், படுக்கையில் கிடந்தபடியே கடல் தெரிய வேண்டும். பெரிய ஆசையா இது? ஆனால் கரவன் வாசலை விட்டு அசையவில்லை. ஒரு வருடம் அட்டமத்துச் சனி. அடுத்த வருடம் குரு மாறினார். இன்னொரு வருடம் நாளும் கோளும் நன்றாக அமைந்தன, இவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

இந்த வருடம் தயாளினி ஓய்வு பெற்றாள். இவரிடம் கேட்கவில்லை, பஞ்சாங்கம் பார்க்கவில்லை. கிளாக்டன் கடற்கரையில் மூன்று நாளுக்குத் தானே இடம் பதிந்துவிட்டு வந்து சொன்னாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள இது வாசலை விட்டு வெளிக்கிட வேணும். இல்லையெண்டால் பக்கத்து வீட்டு லெஸ்லி சும்மா கொண்டுபோகட்டும். சொல்லிப்போட்டன்."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். உடுப்பு மடித்துக்கொண்டே சொன்னாள். அடுத்த நாளே லெஸ்லி அளவு நாடாவோடு வந்து தன் வீட்டுக் கேற்றை அளந்துகொண்டிருந்தார்.

அளந்து முடித்த லெஸ்லி நல்ல மனிதர்தான். குனிந்து கரவனின் டயரைத் தட்டிப் பார்த்தார். ஓடாத டயர் என்றாலும் வயது போனால் ரப்பர் வெடிக்கும், இந்த இரண்டையும் மாற்றாமல் வீதியில் ஏற்றாதே என்றார். கிருஷ்ணராசா விழுந்து கும்பிடுகிற மாதிரிப் படுத்துப் பார்த்தார். டயரின் வெட்டுகளெல்லாம் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன, ஆனால் பக்கமெல்லாம் மயிர்க்கோடாக வெடிப்பு. வயது எப்படித் தெரியும் என்று கேட்டார். லெஸ்லி டயரின் பக்கத்தில் இருந்த நாலு இலக்கத்தைக் காட்டினார். முதல் இரண்டும் வாரம், பின் இரண்டும் வருடம். டயர் செய்த நாள்.

லெஸ்லி அறியாமல் செய்த பிழை அதுதான். டயருக்கும் பிறந்த நாள் உண்டு என்பதைக் கிருஷ்ணராசாவிடம் சொல்லியிருக்கவே கூடாது.

செவ்வாய்க்கிழமை ஃபாரஸ்ட் கேட்டில் றொனால்டின் டயர் கடைக்குப் போனார். றொனால்ட் பிரான்சில் பதினைந்து வருடம் டயர் பூட்டிவிட்டு லண்டன் வந்தவன். தொழில் தெரிந்தவன். முதலில் கரவனின் எடையைக் கேட்டான்.

"கார் டயர் போட ஏலாது, அண்ணை. ஆயிரத்து முந்நூறு கிலோ ரெண்டே ரெண்டு சில்லிலை நிக்குது. வானுக்குப் போடுற மாதிரி பக்கம் தடிச்சது வேணும். உங்கட சைஸிலை ரெண்டுதான் கிடக்கு. வேறை எண்டால் அடுத்த கிழமைதான் வரும்."

கிருஷ்ணராசா எடையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டு நாலு இலக்கத்தைத் தேடினார். ஒன்று பதினோராவது வாரம், மற்றது முப்பத்தாறாவது. இரண்டும் ஒரே வருடம்.

"ரெண்டும் ஒரே அச்சிலை கடைசிவரைக்கும் ஓட வேணும். என்ன, றொனால்ட்?"

"ஓம் அண்ணை."

"அப்ப இது கலியாணம்தான். வாரத்தை வைச்சு நட்சத்திரம் சொல்ல ஏலாது. நாளும் நேரமும் வேணும்."

றொனால்ட் அடுத்த காரின் சில்லைக் கழற்றப் போய்விட்டான்.

டயர் செய்தது ஜெர்மனியில். கிருஷ்ணராசா லண்டன் வருமுன் பதினாறு வருடம் ஜெர்மனியில் குழாய் பூட்டியவர். அந்தப் பாஷை இன்னும் நாக்கில் கிடந்தது. தொழிற்சாலைக்குப் போன் எடுத்தார். ஒரு பெண் என்ன முறைப்பாடு என்று கேட்டாள். முறைப்பாடு ஒன்றும் இல்லை, இந்த இரண்டு டயரும் வார்ப்பு அச்சிலிருந்து வெளியே வந்த நேரம் வேண்டும் என்றார். லண்டனில் கேட்டிருந்தால் போனை வைத்திருப்பார்கள். அவள் ஜெர்மன்காரி. ஏன் என்று கேட்கவே இல்லை. தொடர் இலக்கத்தை எழுதிக்கொண்டாள். வியாழன் பின்னேரம் ஈமெயில் வந்துவிட்டது, மணி நிமிடத்தோடு. டயர்கள் நீண்ட காலம் சேவை செய்ய வாழ்த்தும் சொல்லியிருந்தாள்.

கிருஷ்ணராசா பஞ்சாங்கத்தை விரித்தார். முதல் டயர் ரோகிணி. இரண்டாவது அத்தம். இரண்டும் கண்ட ரச்சு! சோடியில் ஒன்றுக்கு உயிர்ச்சேதம் நிச்சயம். எத்தனை தாய்மார் அழுது கெஞ்சியும் அவர் கட்டிவைக்க மறுத்த பொருத்தம் அது.

வீட்டில் தயாளினிக்கு இதைச் சொல்லத் துணிவில்லாமல், வெள்ளி காலை எட்டரைக்கு அவளோடு றொனால்டின் கடையில் நின்றார். கரவனின் சில்லுகள் இரண்டும் வானுக்குள். கரவன் வாசலில் கட்டைகளின் மேல் நொண்டி நின்றது. தயாளினி கடலுக்குப் போகிற உடுப்போடு, மடியில் கட்டுச்சோறோடு வந்திருந்தாள்.

"பூட்ட ஏலாது, தயா. ரச்சு தட்டுது. நெடுஞ்சாலையிலை ஒண்டு வெடிச்சால் ஆர் பொறுப்பு? போறது உன்ர உயிர்."

மனிதர் நடிக்கவில்லை, உண்மையாகவே பயந்திருந்தார். றொனால்ட் தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, காத்தைச் சரியா அடிச்சால் ஒண்டும் வெடியாது."

தயாளினி கட்டுச்சோற்றை மேசையில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ. எங்கட சாதகம் எத்தினை பொருத்தம்?"

"ஒன்பது. பத்துக்கு ஒன்பது. முப்பத்தொரு வருசம் ஒரு குறை இல்லை. அதுதானே சொல்லுறன்!"

"அது என்ர சாதகம் இல்லை."

"என்ன சொல்லுறாய், தயா?"

"சண்டைக்கு ஓடின ஓட்டத்திலை என்ர குறிப்பெல்லாம் துலைஞ்சுபோச்சு. அம்மாவுக்கு நான் பிறந்தது மழை நாள் எண்டதைத் தவிர ஒண்டும் நினைவில்லை. உங்கட சாதகம் ஜெர்மனியிலையிருந்து முதல் வந்தது. பெரியப்பா அதை ஒரு சாத்திரியிட்டைக் கொண்டுபோய்க் குடுத்து, அதுக்குப் பொருந்துற மாதிரி எனக்கு ஒண்டு எழுதுவிச்சவர். பத்தும் போட்டால் சந்தேகம் வருமெண்டு ஒண்டை மட்டும் விட்டவை." அவள் டயரைக் காட்டினாள். "இந்த ரப்பருக்கு மணி நிமிசம் தெரியுது. எனக்குக் கிழமைகூடத் தெரியாது. என்னோடை முப்பத்தொரு வருசம் ஓடினனீங்கள்தானே? வெடிச்சதோ?"

கிருஷ்ணராசா பக்கத்தில் இருந்த டயர் அடுக்கின் மேல் மெல்ல உட்கார்ந்தார். புது டயர் இரண்டின் நாலு இலக்கத்தையும் விரலால் தடவினார்.

"பூட்டு, றொனால்ட்," என்றார்.

பதினொன்றரைக்கு ரெய்னர்ஸ் லேனில் புது டயரோடு சில்லுகள் கரவனில் ஏறின. கிருஷ்ணராசா ஒவ்வொன்றின் கீழும் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். லெஸ்லி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, ஆசையை அடக்கிக்கொண்டு கை காட்டினார். பழம் இரண்டும் நசிந்தன. ஒன்பது வருடத்துக்குப் பிறகு கரவன் வாசலை விட்டு இறங்கியது.

லண்டனைத் தாண்டும்வரை கிருஷ்ணராசா கண்ணாடியில் டயரைப் பார்ப்பதும் வீதியைப் பார்ப்பதுமாக ஓட்டினார். வயல்கள் தெரியத் தொடங்கியபோதுதான் கேட்டார்.

"தயா, அப்ப நான் முப்பத்தொரு வருசமா உன்ர பிறந்தநாளுக்குக் கோயில்ல செய்த அர்ச்சனை? இஞ்சை வந்தபிறகு ஆர்ச்வே மலையேறி முருகனுக்குச் செய்தது? எல்லாம் அனுச நட்சத்திரம் எண்டுதானே சொன்னனான். அது ஆருக்குப் போனது?"

தயாளினி கட்டுச்சோற்றைத் திறந்து ஒரு கவளம் உருட்டி, அவர் வாயில் வைத்தாள்.

"ஆரோ ஒரு அனுசக்காரிக்குப் போயிருக்கும். அவள் நல்லாயிருக்கட்டும். நீங்கள் வீதியைப் பாத்து ஓட்டுங்கோ."