அடியில் போன மஞ்சள் வரி

ஏரியூர் பச்சியப்பன் மகள் ஜெயபிரியாவுக்கு இருபத்தொன்பது வயது. அரசுத் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டவள். அப்பாவிடம் கெஞ்சிக் கூத்தாடி மூன்றாவதாக ஒரு வருடம் வாங்கியிருந்தாள்.

"இதான் கடைசி. தவறுச்சுன்னா பேசாம ஓசூர் கம்பெனிக்குப் போயிரு" என்றார். அந்த மனிதர் சொன்னால் சொன்னதுதான்.

தருமபுரிக்குப் போய்ப் படிக்க வழியில்லை. போனில் வரும் பாட வீடியோக்கள்தான் அவளுக்கு வகுப்பு. புதிதாக வாங்கியது நீண்டு ஒல்லியான போன். வீடியோ ஓடினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும். அண்ணன் குருவுக்கு அது பொறுக்கவில்லை.

"இத்தாம் பெரிய போன வாங்கிட்டு ஓரமெல்லாம் சும்மா கெடக்குது பாரு" என்று இரண்டு விரலை வைத்து விரித்துவிட்டான். படம் திரை முழுக்கப் பரவியது.

"சூப்பருண்ணா" என்றாள் இவளும். பாவி மகள், அன்றைக்கே உற்றுப் பார்த்திருக்கக் கூடாதா!

படம் விரிந்ததில் மேலும் கீழும் வெட்டுப்பட்டது. பொத்தான்கள் மட்டும் தப்பித்துக்கொண்டன. நிறுத்துகிற பொத்தானும் நேரக் கோடும் கேமரா ஓட்டைக்கும் வளைந்த மூலைக்கும் ஒதுங்கி, கச்சிதமாக வந்து உட்கார்ந்தன. எல்லாம் இருக்கிற திரையில் யாருக்குச் சந்தேகம் வரும்? அதன்பின் எந்த வீடியோவைத் திறந்தாலும் அப்படியே விரிந்துதான் வந்தது.

பாடம் எடுத்தவருக்கு ஒரு கெட்ட பழக்கம். வாய் தவறினால் மறுபடி படம் பிடிக்க மாட்டார். திருத்தத்தை அடியில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரியாகப் போட்டுவிடுவார். ஜெயபிரியா அவர் வாயால் சொன்னதையெல்லாம் நான்கு நோட்டு நிறைய எழுதி, களி கிண்டும்போதும் மனப்பாடம் செய்தாள்.

தேர்வில் கொஞ்ச மதிப்பெண்ணில் போய்விட்டது. வெளியான விடைக்குறிப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெரு மலர்விழியிடம் ஓடினாள். அவளும் அதே வீடியோவில், பழைய குட்டைப் போனில் படித்தவள்.

"தமிழ்நாடுன்னு பேர் மாறுனது 1967ன்னுதானேடி சார் சொன்னாரு?"

"வாயில சொன்னாரு. நடைமுறைக்கு வந்தது 1969ன்னு கீழ போட்டாரே, பாக்கலியா?"

மலர்விழி தன் போனில் காட்டினாள். மஞ்சள் வரி இருந்தது. ஜெயபிரியாவின் போனில் இல்லை. மலர்விழி அந்தத் திரையில் விரல்களைச் சேர்த்துச் சுருக்கினாள். கறுப்புப் பட்டை வந்தது, கூடவே அந்த வரியும் வந்தது. அப்படித் தவறிப்போனவை ஏழு கேள்விகள்.

"நல்லதுக்குத்தான் பண்ணுனேன் பிரியா" என்று குரு முனகினான்.

"இன்னும் ஒரே ஒரு வருசம்ப்பா."

"கம்பெனி வேன்காரன்கிட்டச் சொல்லியாச்சு" என்றார் பச்சியப்பன்.

திங்கட்கிழமை ஓசூர் வேனில் ஏறினாள். பக்கத்தில் இருந்த அக்கா போனில் சினிமா பார்த்துக்கொண்டிருந்தார். படம் ஓரம் வரை விரிந்து கிடந்தது. ஜெயபிரியாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"அக்கா, கீழ வெட்டுப்படுதுங்க."

அவர் திரையைத் தட்டிப் பார்த்தார். பொத்தான்கள் வரிசையாக வந்து நின்றன.

"எங்க கண்ணு? எல்லாம் முழுசாத்தான இருக்குது" என்றார்.

ஜெயபிரியா ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.