வாயில் பறி இருந்தால் சிரிக்கக் கூடாது

அமுதவல்லி வாய்விட்டுச் சிரிக்க ஆரம்பித்ததே போன மாதம்தான். அதற்கு முன்பும் சிரித்திருக்கிறாள். ஆனால் அதெல்லாம் உள்ளங்கைக்குப் பின்னால் நடந்த காரியம். மேல்வரிசையில் முன்பற்கள் நான்கும் உதட்டைத் தாண்டி எட்டிப் பார்க்கும். பள்ளிக்கூடத்தில் குழுப்படம் எடுத்தபோது, “சிரிங்க” என்றதும் வாயை இறுக்கி மூடிக்கொண்ட ஒரே பிள்ளை அவள். இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள், இந்தப் பெண்ணுக்கு யார் மேல் இவ்வளவு கோபம் என்று கேட்பார்கள். கோபமெல்லாம் இல்லை, பாவம். பக்கத்தில் நின்றவள் சொன்ன வேடிக்கையை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

வீடு கோட்டைக்குப்பத்தை ஒட்டி, ஏரிப் பக்கம். தொழில், கையால் இறால் பிடிப்பது. வலை கிடையாது, படகு கிடையாது. பழவேற்காடு ஏரியில் ஆழமில்லாத இடமாகப் பார்த்து இறங்கி, மண்டிபோட்டு நகர்ந்துகொண்டே இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். விரலில் இறால் தட்டினால் அமுக்கி எடுத்துப் பறியில் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த சின்னக் கூடை. இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும்போது பறியை எங்கே வைப்பது? வாயில்தான். விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டால் அது பாட்டுக்கு மார்புக்கு முன்னால் தொங்கும். அவள் அம்மா கஸ்தூரியம்மாள் அப்படித்தான் பிடிக்கிறாள். அந்தக் கரைப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான்.

அதனால் ஏரிக்குள் ஒரு சட்டம் உண்டு. யாரும் யாரையும் சிரிக்க வைக்கக் கூடாது. சிரித்தால் வாய் திறக்கும், வாய் திறந்தால் பறி விழும், பறி விழுந்தால் அன்றைய உழைப்பு தண்ணீரோடு போகும். சட்டத்தைக் காப்பவள் காசியம்மாள். பெண்கள் வரிசைக்கு அவள்தான் தலைவி. கரையில் இருக்கும்வரை ஊர் வம்பு முழுவதும் அவள் வாயில்தான் கிடக்கும். தண்ணீரில் இறங்கிப் பறியைக் கவ்விவிட்டாளோ, அப்புறம் கண்ணாலேயே ஆளை அதட்டி உட்கார வைப்பாள்.

பொன்னேரியில் நடந்த ஒரு பல் முகாமில்தான் அமுதவல்லி நஸ்ரியாவின் கையில் அகப்பட்டாள். நஸ்ரியா பழவேற்காடு ஊருக்குள் இருக்கும் பழைய வியாபாரக் குடும்பத்துப் பெண். பல்லை நேராக்கும் படிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பயிற்சிக்கு ஒரு வாய் தேவைப்பட்டது. அமுதவல்லிக்கோ வாயைத் திறக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

கம்பி போட்டிருந்த காலம் முழுக்கப் பறியைக் கவ்வக் கூடாது என்று உத்தரவு. கரையில் உட்கார்ந்து பெரிய இறால், சின்ன இறால் என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கம்பியை இறுக்கிய நாளெல்லாம் கஞ்சிதான். ஒருவழியாகக் கம்பியைக் கழற்றி, நஸ்ரியா கண்ணாடியைக் கையில் கொடுத்தபோது, அமுதவல்லி தன் பற்களைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பது தெரிந்ததும் அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள். கண்ணாடியைத் திருப்பி வாங்குவதற்குள் நஸ்ரியாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“சிரிச்சது போதும், இத கேளு,” என்றாள் நஸ்ரியா. ரோஸ் நிறத் தகடும் முன்னால் ஒரு கம்பியுமாக ஒன்றை எடுத்து அவள் மேல்வாயில் பொருத்தினாள். “இது ரிடெய்னர். பல்லு நேராயிடுச்சுன்னு நீ நெனைக்கிற. அது அப்டி நெனைக்கல. சுத்தி எலும்பு இன்னும் கெட்டிப்படல, வுட்டா பழைய எடத்துக்கே நகந்து போவும். இத ராத்திரி பகல் போட்டுக்கணும். சாப்புடறப்ப, பல்லு வெளக்கறப்ப மட்டும் கழட்டு. கழட்டுனா டப்பாவுல வை. வெந்நீர்ல போட்டுடாத, கோணிக்கும்.”

“தொலைஞ்சு போச்சுன்னா?”

“மறுபடி அளவெடுத்து, செஞ்சு வரணும். அதுவரிக்கும் பல்லு நம்மளுக்காகக் காத்துக்கினு இருக்காது. அப்பறம் அந்தக் கூடை. அதப் பல்லால கவ்வவே கூடாது. ஈரக் கூடை இழுக்கற இழுப்புக்கு நம்ம வேலை அத்தினியும் பாழாயிடும்.”

“சரிங்க டாக்டரம்மா,” என்றாள் அமுதவல்லி. சொன்னது மனசாரத்தான்.

ஊருக்கு வந்தவள் சிரித்துத் தீர்த்தாள். பஸ் கண்டக்டர் சில்லறை இல்லை என்றதற்குச் சிரித்தாள். கருவாட்டைக் கவ்விக்கொண்டு ஓடிய பூனையைத் துரத்தாமல் நின்று சிரித்தாள். ஒரு துக்க வீட்டில் போய்ச் சிரித்து வைத்து, கஸ்தூரியம்மாளிடம் தொடையில் கிள்ளு வாங்கினாள். இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்ததெல்லாம் ஒரே சமயத்தில் வெளியே வந்தால் இப்படித்தான் ஆகும்.

ஏரிக்குப் போக ஒரு யோசனை செய்தாள். காலி பெயின்ட் டப்பாவில் கயிறு கட்டி இடுப்பில் முடிந்துகொண்டாள். டப்பா பின்னால் மிதந்து வந்தது.

“இன்னாடி இது, நாய்க்குட்டிய இஸ்துக்கினு வர்ற?” என்றாள் காசியம்மாள்.

நாய்க்குட்டி சொன்னபடி கேட்கவில்லை. நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போனது. காற்று அடித்தால் சாய்ந்துகொண்டது. மூடி இல்லாததால் இறால்கள் துள்ளித் துள்ளி வீடு திரும்பின. ஒருநாள் டப்பா முழுசாகவே கவிழ்ந்தது. மற்ற பெண்கள் பறி நிறையக் கரையேற, அமுதவல்லி வெறும் டப்பாவோடு நடந்தாள். அன்றைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் புத்தி பிசகியது. ஒரே ஒரு நாள்தானே என்று அம்மாவின் பழைய பறியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தகட்டோடு கவ்விப் பார்த்தால் விளிம்பு வழுக்கியது. கழற்றினாள். அதற்கான டப்பாவோ வீட்டில், சாமி படத்துக்குக் கீழே இருந்தது. கழற்றியதை எங்கே வைப்பது? அந்தப் பெண்களுக்கு ஏரிக்குள் பத்திரமான இடம் ஒன்றே ஒன்றுதான். வீட்டுச் சாவி, மூக்குத்தித் திருகு, வெற்றிலைப் பொட்டலம் எல்லாம் அதில்தான் போகும். அமுதவல்லி யோசிக்கவே இல்லை. ரிடெய்னரைப் பறிக்குள் போட்டாள். பறியைப் பல்லில் கவ்வினாள்.

கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பெண்கள் வரிசையாக மண்டிபோட்டு, வாயில் பறியும் முகத்தில் பக்தியுமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். அப்போது எங்கிருந்தோ ஒரு மடவை மீன் தண்ணீரை விட்டு எகிறியது. எகிறியது சும்மா விழக் கூடாதா? நேராகப் போய்க் காசியம்மாளின் கன்னத்தில் ஒரு அறை விட்டு, அவள் ரவிக்கைக்குள் இறங்கிவிட்டது.

காசியம்மாள் பறியை விடவில்லை. தலைவி அல்லவா. பல்லைக் கடித்துக்கொண்டு, “ம்ம், ம்ம்ம்” என்று அந்த மீனைத் திட்டினாள். மீன் உள்ளே வாலை அடித்தது. அவள் தோளைக் குலுக்கினாள். அது இன்னும் அடித்தது. அவள் கண்ணை உருட்டி, வழக்கம்போல அதையும் கண்ணாலேயே அதட்டப் பார்த்தாள்.

மற்றவர்கள் பழகினவர்கள், மூக்கால் மூச்சுவிட்டுச் சமாளித்தார்கள். அமுதவல்லிதான் புதுச் சிரிப்புக்காரி. வெடித்துவிட்டாள். பறி விழுந்து, குப்புறக் கவிழ்ந்து, இறாலும் ரிடெய்னரும் தண்ணீருக்குள் போனபோதுதான் சிரிப்பு நின்றது.

“அம்மா, என் தட்டு,” என்றாள். வீட்டில் அதற்குப் பெயர் தட்டு. சட்டென்று வாயைக் கையால் மூடிக்கொண்டாள். ஒரு மாதமாக அவள் மறந்திருந்த பழக்கம் அது. பற்கள் அந்த நிமிஷமே பழைய இடத்துக்குக் கிளம்பிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காசியம்மாள் பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, முதலில் மீனை வெளியே எடுத்துப் பறியில் போட்டாள். கிடைத்ததை விடுகிற ஆள் இல்லை அவள். பிறகு சொன்னாள்: “தண்ணி முகத்துவாரம் பக்கம் வடியுது. எல்லாரும் அந்தப் பக்கம் போய்க் குறுக்க உக்காருங்கடி. ஒரு சாண் வுடாம தடவிக்கினே வாங்க. பறிய எறக்கி வெச்சிடாதீங்க. தட்டத் தேடறப்ப கையில தட்டுற எறால வுட்டுட முடியுமா?”

ரிடெய்னரைத் தேடிய அந்தக் காலையில் கிடைத்த இறால் போல அந்த வருஷம் கிடைக்கவில்லை. அவசரம் இல்லாமல், இண்டு இடுக்கு விடாமல் இத்தனை கைகள் அந்தச் சேற்றை என்றைக்கு இப்படித் துழாவின? எல்லார் பறியும் நிரம்பிக்கொண்டே வந்தது. கிடைக்காதது ஒன்றுதான். அமுதவல்லி ஒவ்வொரு கிளிஞ்சலையும் எடுத்துப் பார்த்து எறிந்தாள். நாக்கு மட்டும் போய்ப் போய் முன்பற்களைத் தொட்டுப் பார்த்தது.

கஸ்தூரியம்மாளின் கையில் ஏதோ குத்தியது. நண்டுக்கால் என்று நினைத்து, ஒரு கை போதாது என்று இரண்டு கையாலும் அமுக்கித் தூக்கினாள். நண்டுதான், கட்டைவிரல் அளவுக்குக் குட்டி நண்டு. ஆனால் அது ரோஸ் நிறத் தகட்டின் மேல் சவாரி செய்துகொண்டிருந்தது. கம்பியை ஒரு கொடுக்கால் பிடித்தபடி, யாருக்கும் தர மாட்டேன் என்று இன்னொரு கொடுக்கை அவள் மூக்குக்கு நேரே ஆட்டியது.

“அமுதா,” என்று கூப்பிட்டாள் கஸ்தூரியம்மாள். கூப்பிட்டால் வாய் திறக்கும் என்பது, பிறந்ததிலிருந்து ஏரியில் கிடக்கும் அவளுக்கே அந்த நேரத்தில் மறந்துவிட்டது. பறி தொபுக்கென்று விழுந்தது. விழுந்ததைக் குனிந்து பார்த்தாள், நண்டைப் பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

அடுத்து விழுந்தது காசியம்மாளின் பறி. சட்டத்தைப் போட்டவளே, “அய்யோ, நண்டுக்குப் பல்லு கட்டிக்கீது பாரு,” என்று தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் ஒருத்தி வாயிலும் பறி நிற்கவில்லை. காலையெல்லாம் பிடித்த இறால் மொத்தமும், கூடவே அந்த மடவையும், தப்பித்தோம் என்று ஏரியைப் பார்த்துப் போயின. யாரும் குனிந்துகூடத் தடுக்கவில்லை.

அமுதவல்லி ஓடிவந்து நின்றாள். தகட்டை வாங்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மா சிரிக்கும்போதெல்லாம் முந்தானை வாய்க்குப் போய்விடும். அம்மா என்றால் அப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது அந்த இரண்டு கையிலும் ரிடெய்னர் இருந்தது. வாயை மூட அம்மாவுக்குக் கை இல்லை. கஸ்தூரியம்மாளின் முன்பற்கள் நான்கும் உதட்டைத் தாண்டி வெயிலில் நின்றன. அமுதவல்லிக்கு நஸ்ரியா உள்ளே தள்ளிய அதே நான்கு பற்கள். அம்மா எவ்வளவு அழகாகச் சிரிக்கிறாள்!

“இன்னாடி அப்டிப் பாக்கற? புடி, கை வலிக்குது,” என்றாள் கஸ்தூரியம்மாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் வெச்சுக்கினு இரும்மா,” என்றாள் அமுதவல்லி.

மறுநாள் அவள் பெயின்ட் டப்பாவுக்கு மூடி போட்டு, மூடியில் கை நுழைய ஓட்டை வெட்டி, ஆடாமல் இருக்க அடியில் ஒரு செங்கல் துண்டும் போட்டு எடுத்துப் போனாள். ரிடெய்னர் வாயிலேயே இருந்தது. டப்பா சொன்னபடி பின்னால் வந்தது. நாய்க்குட்டி பழகிடுச்சா என்று யாராவது கேட்பார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

கஸ்தூரியம்மாள் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தாள். வாயில் பறி இல்லை. அவள் இடுப்பிலும் ஒரு கயிறு இருந்தது.