தையலுக்கு விட்ட ஐந்து மில்லிமீட்டர்

பட்டமளிப்பு விழாவுக்குப் போட்டுக்கொள்ள ஒரு பேண்ட் தைக்க வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாருக்கும் அப்படியொரு பேண்ட் தேவைப்பட்டதில்லை. அதனால் விசாரித்து, நல்ல கடையாகப் பார்த்துத்தான் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது கடை. கட்டிங் மாஸ்டர் அளவெடுத்துவிட்டு, "உள்மடிப்புல ரெண்டு இன்ச் விட்டிருக்கேன் தம்பி. மனுஷன் எப்ப வளருவான்னு யாரு கண்டா?" என்றார். நான் சிரித்ததும் தன் பேண்டைச் சுருட்டிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் காசு காசாகத் தழும்பு. அந்த ஒரு பேண்டுக்காக ஏழெட்டு முறை போனேன். அப்போது அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது இது.

உயரத்தைக் கூட்டக் காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டபோது மாஸ்டருக்கு முப்பத்தெட்டு வயது. உயரம் நான்கடி பதினொன்று. குட்டை என்பதால் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் கெட்டுப்போய்விடவில்லை. மனைவி அவரைவிட நாலு விரற்கடை உயரம். அதுபற்றி இருவருக்கும் ஒரு கவலையும் கிடையாது. கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பவர் இவரை "அரைமீட்டர்" என்றுதான் கூப்பிடுவார். இவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டுத் துணியை வெட்டுவார்.

குறை ஒன்றே ஒன்று. வாடிக்கையாளரை ஆளுயரக் கண்ணாடி முன் நிறுத்தி, பின்னால் நின்று தோளை அளக்கும்போது, கண்ணாடியில் வந்தவர் தெரிவார். அவர் தோளில் இரண்டு கைகளும் ஒரு டேப்பும் தெரியும். மாஸ்டர் தெரியமாட்டார். இருபது வருஷமாக அந்தக் கண்ணாடிக்குள் அவர் வெறும் கை.

"ஒரு முக்காலி போட்டு ஏறி நின்னா தெரிவீங்களே?" என்றார் மனைவி.

"முக்காலிதான் தெரியும். நான் எங்க தெரிவேன்?"

மனைவிக்குப் பாதி புரிந்தது. பாதி புரிந்ததே போதும் என்று ஆஸ்பத்திரியின் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டார்.

முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, காலைச் சுற்றி இரும்பு வளையங்களை மாட்டி, கம்பிகளால் எலும்போடு பிணைத்துவிட்டார்கள். பத்து நாள் பொறுத்து, ஒரு சிறு சாவியால் வளையங்களுக்கு நடுவிலுள்ள திருகாணிகளைத் திருப்பத் தொடங்க வேண்டும். காலை, மதியம், மாலை, படுக்கும் முன் என்று நான்கு முறை. நான்கும் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். வெட்டிய இடம் விலக விலக, அந்த இடைவெளியில் புது எலும்பு ஊறி வரும். ஐம்பது நாளில் ஐந்து சென்டிமீட்டர். டாக்டரம்மா இப்படி விளக்கியபோது மாஸ்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. தொழில் தெரிந்தவனுக்கு இது தெரியாதா என்று நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டார்.

வீட்டில் ஜன்னலோரக் கட்டில். வளையங்கள் நுழையப் பக்கவாட்டில் பிரித்து நாடா வைத்த தொளதொளப் பேண்டை அவரே வெட்டி வைத்திருந்தார். தபால் அலுவலகம் போகும் மனைவி காலையில் சாவியைத் திருப்பி, நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கிளம்புவார். மதிய முறை மாஸ்டருடையது.

மத்தியானங்கள் நீளமானவை. மருந்தின் மயக்கமும் வெயிலும் கலந்து திரைச்சீலை வழியாக அறைக்குள் வழியும். கண்ணை மூடினால் கால்கள் துணிச்சுருள் மாதிரிப் பிரிந்துகொண்டே போகும். கட்டிலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, தெருவில் சத்தமில்லாமல் விரியும். சைக்கிள்காரர்கள் மணியடித்து ஒதுங்குவார்கள். மனைவி வேலை விட்டு வரும்போது தெருமுனையிலேயே அவருடைய பாதத்தைப் பார்த்துவிட்டு, "இங்கயா இருக்கீங்க?" என்று கேட்டபடி கணுக்காலைத் தாண்டி நடப்பார். தூரத்தில் எங்கோ தன் கட்டைவிரலில் மழை விழுவதுகூட மாஸ்டருக்குத் தெரியும். இங்கே ஜன்னலில் நல்ல வெயில்.

ஒருநாள் காஜாக்காரர் கடை டேப்போடு பார்க்க வந்தார். "என்ன அரைமீட்டரு, முக்கால் மீட்டர் ஆயிட்டியா? அளந்து பாத்துடலாமா?"

"வேணாம்யா. உலை கொதிக்கிறப்ப மூடியத் தொறக்காத."

திருப்பத் தொடங்கிய பன்னிரண்டாம் நாள் எடுத்த எக்ஸ்ரே கணக்குப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான் மாஸ்டர் தன் வேலையைக் காட்டினார். மதியத்தில் ஒன்று திருப்ப வேண்டிய இடத்தில் இரண்டு. நோட்டில் கோடு ஒன்றுதான். அவர் மனதில் அது தப்பே இல்லை. எந்தத் துணியையும் சொன்ன அளவுக்கே வெட்டுகிறவன் தையல்காரனே அல்ல என்பது அவர் கட்சி.

நாலாவது வாரம் வலது குதிகால் தரையைத் தொட மறுத்தது. கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால், முன்பாதம் மட்டும் தரையில் படும். குதிகால் பூனை மாதிரி மேலேயே நின்றது. கட்டைவிரலில் மரமரப்பு. பாதத்துக்கடியில் தலையணையைச் செருகி மறைத்துக்கொண்டார். நாள் முழுக்க நின்று வெட்டுகிற தொழில். ஆனால் சொன்னால் நிறுத்திவிடுவார்களே!

முப்பத்திரண்டாம் நாள் டாக்டரம்மா படத்தை விளக்கில் மாட்டினார். எலும்பின் இரண்டு முனைகளுக்கு நடுவே விடியற்காலைப் பனி மாதிரி ஒரு வெண்மை. மாஸ்டர் அதையே சொக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நோட்டு முப்பத்திரண்டு மில்லிமீட்டருங்குது. படம் முப்பத்தேழுங்குது. எது பொய் சொல்லுது?"

"நான் ஒரு கோடுகூடத் தப்பாப் போடலை டாக்டர்" என்றார் மனைவி.

மாஸ்டர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான்தான் மேடம். மதியத்துல ஒண்ணு கூடுதலாத் திருப்பினேன். தையலுக்கு."

"எந்தத் தையலுக்கு?"

"எல்லாத்தையும் கழட்டினப்புறம் கொஞ்சம் சுருங்குமில்ல? அதுக்கு விட்டு வெச்சேன்."

முதலில் வாயைத் திறந்தவர் மனைவிதான். "கால் என்ன காடாத் துணியாங்க? நனைச்சு காயவெச்சா சுருங்கறதுக்கு! என் கையால பொய்க்கணக்கு எழுத வெச்சிட்டீங்களே!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எலும்பு சுருங்காது. ஆனா நரம்பு உங்க அவசரத்துக்கு இழுபடாது. கட்டைவிரலைத் தூக்குங்க."

மாஸ்டர் தன் கட்டைவிரலை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். அது எழவில்லை.

"இப்படியே போனா இந்தக் குதிகால் தரைக்கு வராது. அஞ்சு மில்லிமீட்டரையும் திருப்பி எடுத்துடுங்க, ஒரு நாளுக்கு ஒண்ணா. அதுக்கப்புறம் விரல் அசைஞ்சா பேசுவோம். அசையலைன்னா வேற மாதிரிப் பேசணும்."

ஐந்து நாள் சாவி எதிர்ப்பக்கம் சுழன்றது. மதிய முறையும் மனைவி கைக்கே போனது; அதற்காக விடுப்புப் போட்டிருந்தார். பேச்சு கிடையாது. துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கும் பயிற்சியை மட்டும் எண்ணிக்கொண்டு செய்யவைத்தார். மாஸ்டர் கண்ணை மூடினால், தெருமுனைவரை போன கால்கள் மெதுவாகச் சுருண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தன. சைக்கிள்காரர்கள் மறுபடி தெருவின் நடுவில் போனார்கள். திரும்பி வருகிற பாதம் ஈரமாக இருந்தது.

டாக்டரம்மாவிடம் போய் வந்து இரண்டு வாரம் கழிந்த ஒரு மத்தியானம், போர்வை நுனி லேசாக அசைந்தது.

"காத்தா?" என்றார் மாஸ்டர்.

மனைவி எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து நின்றார். போர்வை மறுபடி அசைந்தது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அந்தக் கட்டைவிரலைக் கையில் பிடித்துக்கொண்டார். "கேனத்தனமா ஒரு ஆளைக் கட்டிக்கிட்டேன்" என்றார். அதுதான் பதினாலு நாளுக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு.

டாக்டரம்மா குதிகாலை அழுத்திப் பார்த்தார். "நல்ல சேதி. பாதி வேகத்துல மறுபடி ஆரம்பிக்கலாம். அஞ்சு சென்டிமீட்டர் வரலாம். குதிகாலுக்கு மட்டும் என்னால வாக்கு கொடுக்க முடியாது. இல்ல, இப்ப இருக்கிறதோட நிறுத்திக்கலாம்."

மாஸ்டர் மனதுக்குள் கணக்குப் போட்டார். மூன்று சென்டிமீட்டர் சொச்சம் என்றால், கண்ணாடியில் சராசரி ஆளின் தோளுக்கு மேல் தன் நெற்றி தெரியும். ஆள் கொஞ்சம் குனிந்தால் கண். முகம் முழுசாகத் தெரியாது. மனைவியைப் பார்த்தார். அவர், நீங்களே சொல்லுங்கள் என்பதுபோல முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போதும் மேடம். இந்த அளவையே எழுதிக்கோங்க."

"சுருங்கினா?" என்றார் மனைவி, ஜன்னலைப் பார்த்தபடியே.

டாக்டரம்மா அப்போதுதான் சிரித்தார்.

எலும்பு கெட்டிப்பட்டு வளையங்களைக் கழற்ற இன்னும் ஐந்து மாதம் ஆனது. இது நடந்து மூன்று வருஷம். மாஸ்டரின் உயரம் இப்போது ஐந்தடிக்கு அரை விரல் கூடுதல். வலது கட்டைவிரலின் ஓரத்தில் இன்னும் உணர்ச்சி குறைவு. காலை ஒன்பது மணிக்குக் கடை திறக்கிறார். இரண்டு குதிகாலும் தரையில் படிய நின்று, மதியம் ஒன்றரை வரை வெட்டுகிறார்.