குளிர்த்தி இல்லாத சாமி

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய பிறகு சிலர் தோட்டம் செய்வார்கள், சிலர் கோயில் நிருவாகத்தில் புகுந்து சண்டை பிடிப்பார்கள். நான் கடவுள்களை உண்டாக்கத் தொடங்கினேன். காலமெல்லாம் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்து மற்றவர்கள் சொன்னதையே எழுதியவனுக்கு, தன் இஷ்டத்துக்கு எழுதக் கிடைத்த முதல் வாய்ப்பு அந்த நாவல். உப்புநீர் சூழ்ந்த ஒரு கற்பனை நாடு. அங்கே ஒவ்வொரு கடவுளோடு பேசுவதற்கும் ஒவ்வொரு சாமான். காற்றின் கடவுளுக்கு மீன்முள்ளில் கோத்த மணிச்சரம். செத்தவர்களைக் காக்கும் கடவுளுக்கு, பார்க்கிறவர் முகம் தெரியாத ஒரு கண்ணாடி. நீரின் கடவுளுக்கு வெறும் தேங்காய்ச் சிரட்டைதான்: வாவித் தண்ணீரை நிரப்பி, ஓர் உப்புக்கல் போட்டு, குனிந்து பெயரைச் சொன்னால் அது வரும்.

அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. காரணம் என் மனைவி.

எதையும் கையால் தொட்டுப் பார்க்காமல் எனக்கு எழுத வராது. ஆகவே சிரட்டையைச் சுரண்டி, எண்ணெய் பூசி, கறுப்பாக மினுக்கி உண்மையாகவே செய்துவிட்டேன். ஆரையம்பதியில் எங்கள் வீட்டிலிருந்து வாவி கூப்பிடு தூரம். போத்தலில் தண்ணீரும் வந்தது. ஒரு பின்னேரம் விறாந்தையில் இருந்து, சாமியை அழைக்கும் வரிகள் காதுக்குச் சரியாக விழுகின்றனவா என்று பார்க்கச் சத்தமாக வாசித்தேன். கொஞ்சம் நன்றாகவே வாசித்துவிட்டேன் போலும். குசினியிலிருந்து மனைவி அகப்பையோடு வந்து நின்றாள்.

"ஆரைக் கூப்பிடுறீங்க?"

"கதையில வாற சாமி. நானே செஞ்சது."

"சரி, கூப்பிட்டாச்சு. மறுகா எப்பிடி அனுப்புற?"

அதை நான் எழுதியிருக்கவில்லை. என் நாட்டில் கடவுளை அழைக்கத்தான் சாமான்கள் இருந்தன, அனுப்ப ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்துக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் கதவு திறந்து சடங்கு நடக்கும். முடிவில் பூசை செய்யும் கட்டாடியார் தண்ணீர் வார்த்து, பாட்டுப் பாடி, அம்மாளின் சூட்டைத் தணிப்பார். அதுதான் குளிர்த்தி. அது முடிந்து கதவு சாத்தினால்தான் ஊருக்கு நிம்மதி. சாமியை அழைத்துவிட்டுக் குளிர்த்தி செய்யாமல் தேத்தண்ணி குடிக்க எழும்பிய ஒரே பூசாரி நானாகத்தான் இருப்பேன்.

"இது என்ட அம்மா எனக்குத் தந்த வீடு," என்றாள். "இதுக்குள்ள ஒரு ஆளைக் கூட்டி வாறண்டா என்னட்ட ஒரு சொல்லுக் கேக்கணும்."

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுகிறவன். வந்து குடியேறியவன் தன் பங்குக்கு ஒரு கடவுளையும் கூட்டி வந்தால் எந்தப் பெண்தான் பொறுப்பாள்?

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சாமி இருந்தது. மின்விசிறி நின்றால் அது. பால் திரைந்தால் அது. அயல்வீட்டு ஆடு பாய்ந்து மல்லிகையைத் தின்றதும் அதன் வேலைதான். நான் சிரித்தேன், கூட்டாளிகளுக்கும் சொல்லிச் சிரித்தேன். நாவலில்கூட அந்தச் சாமிக்கு நான் இவ்வளவு வேலை கொடுத்ததில்லை.

மகள் பிள்ளைப்பேற்றுக்குக் கொழும்பிலிருந்து வரும் நாள் நெருங்கியபோது சிரிப்பு நின்றது. முதல்தரம் உண்டானது அவளுக்குத் தங்கவில்லை. அதைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு காலை இடியப்பத்தை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தபடி மனைவி சொன்னாள்:

"புள்ள வாற வீட்டில குளிராத சாமி இரிக்கப்படாது. எனக்குப் பயமா இரிக்கு."

வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது மேசைமேல் அடுப்பை வைத்துச் சமைத்தவள் அவள். பயம் என்ற சொல் அவள் வாயில் வந்ததும் இடியப்பத்தை அப்படியே விட்டு எழும்பினேன். உடனே இருந்து குளிர்த்தி எழுதினேன்.

முதலில் எழுதியதை அவள் ஏற்கவில்லை. "இது நாயைத் துரத்துற மாதிரி இரிக்கு. நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்க." வந்தாய், இருந்தாய், உண்டாய், மனம் குளிர்ந்து போ என்று எழுதச் சொன்னாள். எங்கே உண்டது என்று கேட்டேன். "அவ்வளவு பாலும் திரைஞ்சதே," என்றாள். நான் வாசிக்க, அவள் கிணற்றுத் தண்ணீரை வேப்பிலையால் தெளித்தாள். இனி அந்தப் பெயரைச் சும்மா சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது என்று உத்தரவு வந்தது. நாவலில் இப்போது அது வெறும் 'அது'தான். குளிர்த்தி வரும் அத்தியாயம்தான் அதில் ஆகத் திறமானது என்பதை ஒப்புக்கொள்ள எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

மகள் வந்தாள். நாளும் வந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், பிள்ளையின் நாடித்துடிப்பு இறங்குகிறது, உடனே வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லி அவளைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மருமகன் இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தான். வெளியே போட்டிருந்த வாங்கில் நாங்கள் இருவரும் இருந்தோம். மனைவி அம்மாளைக் கூப்பிட்டாள், பிள்ளையாரைக் கூப்பிட்டாள், மாதாவுக்கும் நேர்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்கட ஆளையும் கூப்பிடுங்க."

"அதைத்தான் அனுப்பிட்டமே."

"போனதுதானே. செத்தா போச்சு?"

"அது நான் இட்டுக்கட்டினது, புள்ள."

"எனக்குத் தெரியாதா? கூப்பிடுங்க."

சிரட்டை இல்லை, வாவித் தண்ணீர் இல்லை, உப்பு இல்லை என்று நான் எழுதிய சட்டங்களையே அவளுக்கு ஒப்புவித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் குடிக்க வைத்திருந்த போத்தலைத் திறந்து, தன் உள்ளங்கையில் தண்ணீரை ஊற்றி, என் முன்னால் நீட்டினாள். தண்ணீர் விரலிடுக்கால் ஒழுகிக்கொண்டிருந்தது. அது முழுவதும் ஒழுக முன்பு அந்தக் கையின்மேல் குனிந்து பெயரைச் சொன்னேன். பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் பார்த்தார்கள். எனக்கு வெட்கம் வரவில்லை. வா, வா என்று கெஞ்சினேன்.

கதவைத் திறந்துகொண்டு தாதி வந்தாள். பெண்பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம் என்றாள்.

மனைவி அந்த ஈரக்கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சேலைத்தலைப்பால் கையைத் துடைத்து, மூக்கையும் துடைத்து, என்னைப் பார்த்தாள்.

"எது வந்ததெண்டு என்னட்டக் கேக்கப்படாது," என்றாள்.