ஆரக்கால் வைத்த சக்கரம்

விபத்துக்குப் பிறகு மகள் கேட்டது ஒரே ஒரு பொருள்தான். காலால் மிதிக்கும் அவளுடைய தையல் மெஷினைக் கையால் சுற்றித் தைக்க ஒரு பிடி.

குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுக்கு அடுத்த சந்திப்பில் ஒரு கார் அவளுடைய மோட்டார் சைக்கிளை இடித்துத் தள்ளியது. அவள் மெஷினுக்குப் புதுத் தோல் பெல்ட் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தாள். அன்று காலை, "காடியில கொண்டுபோய் விடுங்கப்பா" என்று என்னிடம் கேட்டாள். காரை எடுக்க எனக்கு அலுப்பாக இருந்தது. "மோட்டார்லயே போயிட்டு வாம்மா" என்றேன். அந்த வாக்கியத்தை இன்றைக்கும் குளிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன்.

வலது முழங்காலுக்குக் கீழே தகடு வைத்தார்கள். காலை நீட்டியே வைத்திருக்க வேண்டும், மெஷின் மிதி பக்கமே போகக் கூடாது என்றார் மருத்துவர். மருத்துவமனையில் கொடுத்த பையில் அவளுடைய பர்ஸும், உடைந்த கைப்பேசியும், சுருட்டிய பெல்ட்டும் இருந்தன. பெல்ட்டை நான் அலமாரியில் என் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

விபத்துக்கு முந்தின வாரம்தான் தன் தோழியின் கல்யாண ரவிக்கைக்குத் துணியை வெட்டி வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. வெட்டின துண்டுகளைத் தையற்கடையில் கொடுத்துவிடலாம் என்றாள் மனைவி.

"நான் வெட்டினது. நான்தான் தைப்பேன்" என்றாள் மகள்.

பக்கத்து வீட்டு அக்கா தன் மின்சார மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். இடது காலால் அழுத்தினாலே போதும். அவள் அழுத்தினாள். மெஷின் சீறிக்கொண்டு ஓடியதும் இரண்டு கையையும் துணியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இதுவும் சட்டுன்னு பாயுதுப்பா. எனக்கு வேகம் என் கையில இருக்கணும்."

அன்றைக்குத்தான் கைப்பிடியைக் கேட்டாள். எப்படியும் வாங்கித் தருவது என்று முடிவு செய்தேன்.

அவளுடைய மெஷின் பழையது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட ஒரு தோட்டத்தில், வீட்டைக் காலி செய்தவர்களிடமிருந்து அவளே வாங்கி வந்தது. இணையத்தில் தேடிக் கைப்பிடியைத் தருவித்தேன். பிரித்துப் பார்த்த பிறகுதான் என் அவசரம் விளங்கியது. கைப்பிடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு விரல், மெஷின் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே நுழைந்து அதைச் சுற்ற வேண்டும். எங்கள் சக்கரத்தில் ஆரக்காலே கிடையாது. தட்டு மாதிரி இடைவெளியே இல்லாமல் இருந்தது. ஆரக்கால் உள்ள சக்கரம் ஒன்றைத் தனியாகத் தருவித்தேன். அதன் ஓட்டை பெரிது. மாட்டினால் ஆடியது.

அலுவலக நண்பரின் மாமா வீட்டில் பழைய மெஷின் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு பாகான் டத்தோவுக்குக் காரை ஓட்டினேன். வழியில் மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் என்னைத் தாண்டும்போது ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். தென்னந்தோப்புக்குள் இருந்தது அந்த வீடு.

"மெஷினா? ஸ்டேண்டு குழாயடியில நிக்குது" என்றார் மாமா. "மெஷின் தலை சம்பான்ல இருக்கு."

"படகுலயா?"

"நங்கூரம்லா தம்பி! நல்ல கனம். எவ்வளவு அலை அடிச்சாலும் அசையாது."

படகு கட்டியிருந்த கரைக்குக் கூட்டிப்போய், கயிற்றைப் பிடித்து இழுத்துச் சேற்றிலிருந்து தூக்கிக் காட்டினார். சக்கரத்தில் ஆரக்கால் இருந்தது. ஆனால் துரு எல்லாவற்றையும் ஒன்றாக்கியிருந்தது. நான் சுத்தியலால் மெல்லத் தட்டியதும் ஓர் ஆரக்கால் ஒடிந்து விழுந்தது.

"விடு தம்பி. இனிமே மீனுக்குத்தான் சட்ட தைக்கும்" என்று சொல்லி இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை மகளுக்கு மருந்து வாங்க ஈப்போ பழைய டவுனுக்குப் போனேன். காப்பி குடிக்க ஒரு கடையில் உட்கார்ந்தேன். பழைய சாமான்களை வைத்து அலங்கரித்த கடை. என் தலைக்கு மேல் பலகையில், வெள்ளைப் பெயின்ட் அடித்த தையல் மெஷின் ஒன்று, பக்கத்தில் செடித்தொட்டிகளோடு நின்றது. சக்கரத்தில் ஆரக்கால். காப்பியை வைத்துவிட்டு எழுந்தேன்.

கடையை நடத்துகிற பெண் நம் தமிழர்தான்.

"தங்கச்சி, அந்த மெஷினோட சக்கரத்த மட்டும் குடுக்க முடியுமா?"

"எல்லாரும் வைஃபை பாஸ்வேர்ட் கேப்பாங்க. நீங்க என்னண்ணே, சக்கரம் கேக்குறீங்க?"

"மக தைக்கணும்மா."

"அது போட்டோவுக்குண்ணே. சக்கரத்த எடுத்தா மூக்கு அறுந்த மாதிரி நிக்கும்லா."

காருக்கு ஓடி, அளவு பார்க்கக் கழற்றிப் பின்பெட்டியில் வைத்திருந்த எங்கள் சக்கரத்தை எடுத்து வந்தேன். "இத மாட்டி விடுறேன். மூக்கு இருக்கும்."

அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது கறுப்பா இருக்கே. வெள்ள யாரு அடிக்கிறது?"

"நானே அடிச்சுத் தாரேன்."

மெஷினை இறக்கி என் மேசையில் வைத்தார். திருகாணியைப் பெயின்ட் மூடியிருந்தது. எண்ணெய் விட்டேன், அசையவில்லை. மறுநாள் போய் மறுபடியும் எண்ணெய் விட்டேன். அதற்கு மறுநாளும் போனேன். குனிந்து சுரண்டிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஒரு பெண், "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? போட்டோ எடுக்கணும்" என்றாள். தள்ளி நின்று சுரண்டினேன். நான்காம் நாள் திருகாணி கிறீச்சிட்டுத் திரும்பியது. அந்தச் சக்கரத்தை உருவிவிட்டு எங்களுடையதை அதே தண்டில் செருகிப் பார்த்தேன். ஆடாமல் உட்கார்ந்தது. அப்படியென்றால் அந்த வெள்ளைச் சக்கரமும் எங்கள் மெஷினில் உட்காரும்.

"பிளவுஸ் முடிஞ்சதும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பணும்ண்ணே" என்றார், இதற்குள் ரவிக்கைக் கதை முழுவதையும் கேட்டிருந்த அந்தப் பெண்.

வீட்டில் சக்கரத்தையும் கைப்பிடியையும் மாட்டினேன். மகள் காலை முக்காலியில் நீட்டி, பக்கவாட்டில் உட்கார்ந்தாள். சுற்றினாள். சக்கரம் சுற்றியது. ஊசி அசையவில்லை. எதையோ உடைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"உள்ள மூணு கால் வச்ச வாஷர் இருக்குல்ல? அத மாத்திப் போட்டுட்டீங்க. கழட்டித் திருப்பிப் போடுங்க."

போட்டேன். இரண்டாம் முறை ஊசி இறங்கியது.

வலது கை சுற்ற, துணியைப் பிடிக்க இடது கை மட்டும்தான் அவளுக்கு மிச்சம். பழைய துணியில் போட்ட முதல் தையல் கோணலாகப் போனது. பிரித்தாள். இன்னொன்றும் கோணல். அதையும் பிரித்தாள். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் இரைந்துகொண்டு போனது. நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் கை ஒரு கணம் நின்று, பிறகு அதே நிதானத்தில் சுற்றியது.

"வெளிச்சத்த மறைக்கிறீங்கப்பா. தள்ளுங்க."

தள்ளினேன். ஐந்தாவது வரி நேராக வந்தது. அதன் பிறகே கல்யாணத் துணியின் பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு தோள்களையும் இணைத்து முடித்ததும் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"உங்க சட்டைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கீங்களே, அந்த பெல்ட்ட எடுத்து இந்தச் சுவத்துல மாட்டுங்க. கால் சரியானதும் வேணும்."

மறுக்க வாயெடுத்தேன். அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். பெல்ட்டையும் சுத்தியலையும் எடுத்து வந்தேன். முதல் இரண்டு ஆணியும் சுவரில் வளைந்துவிட்டன. மூன்றாவது நின்றது.