முழு மார்க் வாங்கிய இரண்டு படிகள்

சென்ற ஆண்டு மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மார்க் போடுவதில் மகா கஞ்சம் என்று பெயர் எடுத்தவள். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளே இப்போது கல்லூரிக்குப் போகிறார்கள்; ஆனாலும் அந்தப் பழைய மாணவர்கள் வழியில் என்னைக் கண்டால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி நிற்பார்கள். அப்படிப்பட்ட நான், ஒரே ஒருவருக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க் போட்டேன். அந்தக் கதைதான் இது.

அவர் என் மாணவர் இல்லை. எங்கள் வீட்டை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட். நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற பிறகு கட்டிய வீடு. கணவர் மின்வாரியத்தில் இருந்தவர். மனை நீளமாக, ஒடுக்கமாக இருந்ததால், ரயில் பெட்டி மாதிரி ஆகிவிடக் கூடாது என்று அந்தத் தம்பி ஒரு யோசனை செய்தார். கூடத்தை உயர்த்தி, படுக்கையறையை இரண்டு படி கீழே இறக்கினார். கூடம், படி, அறை எல்லாவற்றுக்கும் ஒரே கருப்புக் கடப்பா கல். பளபளவென்று தண்ணீர் நிற்பது போல இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் எல்லாம், "என்னங்க, ஹோட்டல் மாதிரி இருக்கு!" என்று வாயைப் பிளந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வருஷங்கள் போயின. கணவருக்கு முழங்கால் தேய்ந்தது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. கருப்புக் கல்லில் படி எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு தடவை தடுமாறிச் சுவரில் சாய்ந்துவிட்டார். அதன் பிறகு அவரே வைத்தியம் செய்துகொண்டார். மின்வாரியத்துக்காரர் ஆயிற்றே, வீட்டில் சிவப்பு இன்சுலேஷன் டேப்புக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு படியின் விளிம்பிலும் அதை நீளமாக ஒட்டினார். பக்கத்து ஜன்னல் கம்பியில் கொடிக்கயிற்றைக் கட்டி, கைக்குப் பிடி கிடைக்க இடையிடையே முடிச்சுப் போட்டார். படிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், இறங்கியதும் உட்கார்ந்து மூச்சு வாங்க. பார்க்கச் சகிக்காது. ஆனால் அவர் தினமும் விடியற்காலையில் எழுந்து, அந்தப் படியேறி, காவிரிக் கரை வரை நடந்து போய், பேப்பரோடு திரும்பி வருவது அந்தக் கயிற்றாலும் டேப்பாலும்தான். அந்த நடை அவருக்கு உயிர். மழை பெய்தால்கூடக் குடையோடு கிளம்பிவிடுவார்.

இந்த நிலையில்தான் அந்தத் தம்பி போன் செய்தார். நாற்பதைத் தாண்டியவர், தனியாக ஆபீஸ் வைத்திருக்கிறார், இரண்டு பிள்ளைகள். "டீச்சர், நான் மறுபடி படிக்கிறேன். மேற்படிப்பு" என்றார்.

"இந்த வயசுலயா தம்பி? பிள்ளைங்க படிக்கவா, நீங்க படிக்கவா?" என்று கேலி செய்தேன்.

வேலையில் இருப்பவர்களுக்கென்றே உள்ள படிப்பாம். மாலையில் கம்ப்யூட்டரில் வகுப்பு, செமஸ்டருக்கு ஒரு முறை மட்டும் நேரில் போக வேண்டும். சைட்டில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு காதில் பாடம் கேட்பாராம். அதில் ஒரு பாடத்துக்கு, தான் கட்டிக் கொடுத்த வீடு ஒன்றுக்கே திரும்பிப் போய், அங்கே குடியிருப்பவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும். "நாங்க யாருமே திரும்பிப் போறதில்ல டீச்சர். சாவியக் கொடுக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுப்போம், அதோட சரி. உங்க வீட்டுக்கு வரட்டுமா?" என்றார்.

எனக்கு மனசு இளகிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. படித்தேன். பரீட்சை சமயத்தில் மகளுக்கு அம்மை போட்டது. ஒரு பேப்பர் எழுதப் போக முடியவில்லை. பிறகு கேட்டபோது பாடத்திட்டம் மாறிவிட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். அதோடு போயிற்று. வேலையையும் வைத்துக்கொண்டு படிக்கிறவனுக்கு ஒரு பேப்பர் சறுக்கினால் எல்லாம் போய்விடும் என்று என் மனதில் ஆணி அடித்தது போலப் பதிந்திருந்தது. என்னால் இந்தத் தம்பிக்கு ஒரு மார்க்கூடக் குறையக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டை ஒழுங்கு செய்தேன். விருந்தாளி வருகிறார் என்றால் நம் வீடுகளில் செய்வதுதானே? கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிப் பரணில் போட்டேன். ஸ்டூலைக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். படியில் குந்தி உட்கார்ந்து சிவப்பு டேப்பை உரித்து, பசை போகத் தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் தேய்த்தேன். கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் அதப் போய் எடுக்கற? அந்தத் தம்பி எப்படி இருக்கோம்னு பாக்கத்தானே வராரு?"

"பாக்கறவர் இந்தக் கண்றாவியப் பாத்தா என்ன எழுதுவாரு? பாவம்ங்க, அவரு மார்க்கு போயிடும். ஒரு நாள்தானே?"

மறுநாள் அந்தத் தம்பி அளக்கும் டேப், வெளிச்சம் அளக்கும் ஒரு சின்னக் கருவி எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு அறையாகப் போய் அளந்தார், எழுதினார். பிறகு கேள்விகள் கொண்ட தாளை நீட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று போட வேண்டும். நான் பேனாவை வாங்கி, மேலிருந்து கீழ்வரை ஐந்து, ஐந்து, ஐந்து என்று போட்டுக்கொண்டே போனேன். என் பணிக்காலத்தில் யாருக்கும் அப்படிப் போட்டது கிடையாது.

அவர் விட்டுவிடவில்லை. "சார், இந்தப் படியில உங்களுக்குச் சிரமம் ஏதும் இருக்கா?" என்று கணவரைப் பார்த்து நேராகவே கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்: "அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. பழகிப் போச்சு."

"ஒரு தடவை இறங்கிக் காட்டுறீங்களா சார்?"

நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு, அறைக்குப் போவது போல முன்னால் இறங்கினேன். கணவர் என் தோளில் கை வைத்துப் பின்னால் இறங்கினார். வழக்கமாக நடப்பது போலச் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கினோம். அந்தத் தம்பி போட்டோ எடுத்துக்கொண்டார். "ரொம்ப அழகா இருக்கு டீச்சர்" என்றார். என் தோளில் அந்தக் கை எவ்வளவு அழுத்தமாக இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் போனதும் கயிற்றைத் திரும்பக் கட்டிவிட்டேன். ஸ்டூலும் வந்துவிட்டது. டேப்பை மட்டும் ஒட்டவில்லை. வீட்டில் இருந்த உருளை தீர்ந்துவிட்டது, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். உண்மை அது மட்டும் அல்ல. எண்ணெய் போட்டுத் துடைத்த படி புது வீட்டில் இருந்தது போலவே மின்னியது. இன்னும் இரண்டு நாள் அப்படியே இருக்கட்டுமே என்று எனக்கு ஓர் ஆசை. அந்த ஆசையை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த வாரமே விழுந்தார். நடைபோய்த் திரும்பிய காலை நேரம். ஒரு கையில் பேப்பர். கயிற்றுக்குக் கை நீட்டியிருக்கிறார். அதற்கு முன்பே கால் இறங்கிவிட்டது. விளிம்பு தெரியவில்லை. நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது, ஒரு காலை மடக்கியபடி கிடந்தார். "டேப்பு இல்லம்மா..." என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. என்ன நடந்தது என்று தகவல் சொல்வது போலச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இடுப்பு எலும்பு முறிவு. திருச்சியில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அவர் வார்டில் இருக்கும்போது, வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தத் தம்பியிடமிருந்து போன் வந்தது. குரலில் கொஞ்சம் கூச்சம்.

"டீச்சர், என் ரிப்போர்ட்டைத் திருப்பி அனுப்பிட்டாங்க. குறையே இல்லாத வீடுன்னு ஒண்ணு கிடையாது, நீங்க சரியாப் பாக்கல, திரும்பிப் போய்ப் பாருங்கன்னு எழுதியிருக்காங்க. குறையக் கண்டுபிடிக்கறதுதான் இந்தப் பாடமே. மறுபடி ஒரு நாள் வரட்டுமா? அவசரம் இல்ல. அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிட்டேன், இந்தப் படிப்புல அந்த வசதி இருக்கு."

நான் போட்ட அத்தனை ஐந்தும் அவருக்கு ஒரு காசுக்குப் பயன்படவில்லை. குறை சொல்லியிருந்தால்தான் அவருக்கு மார்க். சறுக்கினால் போயிற்று என்று நான் பயந்தேனே, அந்தப் பேப்பரை அவர் சாவகாசமாக அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம். நான் என்னுடைய பழைய படிப்பை நினைத்துக்கொண்டு, அவருடைய படிப்பைக் காப்பாற்றப் போயிருக்கிறேன். ஒரு வார்த்தை அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. "ஆஸ்பத்திரியில இருக்கோம் தம்பி" என்று மட்டும் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

திருச்சியிலேயே கே.கே. நகரில் ஏதோ சைட்டில் இருந்தவர், சிமெண்ட் தூசியோடு அப்படியே வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு, ஸ்டூல், டேப், தேங்காய் எண்ணெய், தோளில் வைத்த கை. எதையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"தப்பு என்மேலதான் டீச்சர்" என்றார் அவர். "நானே கட்டின வீட்டுக்கு நானே வந்து நின்னு, நல்லா இருக்கான்னு கேட்டா, யாரு இல்லன்னு சொல்லுவாங்க? அந்தக் கல்லையும் நான்தானே போட்டேன்." சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் அப்படிப் பழியை எடுத்துக்கொண்டது எனக்கு இன்னும் பாரமாகிவிட்டது. கல்லைப் போட்டது அவர்தான். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வீடு தேடி வந்தாரே. வந்தவர் கண்ணைக் கட்டியது நான்.

நாங்கள் வீடு திரும்புவதற்குள் படிகளை மறைத்துச் சரிவான பாதை போட்டு, இரண்டு பக்கமும் ஸ்டீல் கைப்பிடி வைத்திருந்தார். கல்லும் மாறிவிட்டது, சொரசொரப்பான வேறு நிறக் கல். சரிவு கூடத்தில் பாதியை விழுங்கிவிட்டது. இப்போது யாரும் ஹோட்டல் மாதிரி இருக்கிறது என்று சொல்வதில்லை.

கணவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். வாசல் வரை வருவார். அதற்கு மேல் முடியவில்லை. பிசியோதெரபி எல்லாம் பார்த்தாயிற்று, இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். விடியற்காலையில் விழிப்பு மட்டும் பழையபடி வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது காவிரிக் கரை வரை நான் போகிறேன், பேப்பர் வாங்கி வருகிறேன். வந்ததும், "தண்ணி எவ்வளவு போவுது?" என்று கேட்பார். ஒரு நாள் விடாமல் கேட்பார். நான் சொல்வேன்.

சில மாதம் கழித்து அந்தத் தம்பி அதே தாளோடு மறுபடி வந்தார். இந்தத் தடவை கணவரிடமே கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகக் குறைகளைச் சொல்லிக்கொண்டே போனார். குளியலறைக் கதவு உள்பக்கம் திறப்பது, இரவில் சுவிட்ச் கைக்கு எட்டாதது என்று எனக்கே தெரியாத எத்தனையோ. அந்தத் தம்பிக்கு எழுதி மாளவில்லை. முடிவில் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எனக்கு என்னிக்காவது இவ அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்காளா, கேளுங்க தம்பி" என்றார். மூன்று பேருமே சிரித்தோம். நான் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்தத் தம்பி படிப்பை முடித்துவிட்டார். அந்தப் பாடத்தில் நல்ல மார்க்காம். இனிப்போடு வந்து இருவர் காலிலும் விழுந்தார். மனதார வாழ்த்தினேன், அதில் குறை ஒன்றும் இல்லை. அவருக்கு அந்தப் பேப்பரை மறுபடி எழுத இன்னொரு செமஸ்டர் கிடைத்தது. என் கணவரின் காலை நடைக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்பது, தினமும் பேப்பரோடு வீட்டுக்குள் நுழைந்து தண்ணீர் எவ்வளவு போகிறது என்று சொல்லும்போதெல்லாம் என் முன்னால் வந்து நிற்கிறது.