நிலம் தொடாத தூண்

தம்பிமுத்து அண்ணை கல் வைக்கிற மேசன் இல்லை, மரவேலைத் தச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘அமெரிக்க வீடு கட்டின மேசன்’ என்று டென்மார்க்கின் ஓல்போர்க்கில் இன்றைக்கும் அவரைப் பற்றிக் கதைத்துத் திரிகிற வாய்களுக்கு மேசனுக்கும் தச்சருக்கும் வித்தியாசம் தெரியாது. தெரியாத விஷயத்தில்தான் அந்த வாய்கள் நீளம். அவருக்கு விசர், பைத்தியம் என்றார்கள், சூனியக்காரர் என்றார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட அந்த வீடு நின்ற மண்டபத்துக்குள் கால் வைத்ததில்லை. காலை ஏழு மணிக்கு வாளியும் மொப்புமாகத் தினமும் அங்கே நின்றவள் நான்.

என் பெயர் அருள்மலர். ஊர் யாழ்ப்பாணம், சபை பெந்தெகொஸ்தே. பேய் பிசாசுக் கதை சொல்கிறவர்களை நான் வீட்டு வாசலில் வைத்தே அனுப்பிவிடுவேன். அதையும் சொல்லிவைக்கிறேன்.

தம்பிமுத்து அண்ணை மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிக்காரர். 1980இல், மனைவி சின்னமணி ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, சவூதிக்குத் தச்சு வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் என்று போனது ஐந்து வருஷமாகியது. திரும்பலாம் என்று பெட்டி கட்டிய நேரம் ஊரில் பிரச்சினை முற்றி, வந்துவிடாதே என்று கடிதம் எழுதினார்கள். கிழக்கு பெர்லின் வழியாகச் சுற்றி டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார். மகள் தவமணி பிறந்தது, நடந்தது, பாலர் பள்ளிக்குப் போனது எல்லாம் அவருக்குக் கடிதத்தில்தான். ஒரேயொரு படம் வைத்திருந்தார். படம் எடுக்கிறவனுக்குப் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிற பிள்ளை.

85 ஐப்பசியில் ஊருக்குள் இராணுவம் வந்தது. சனம் வாவியைக் கடந்து ஓடியது. அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய வள்ளம் நடுவில் கவிழ்ந்தது. சின்னமணியை இழுத்து எடுத்தார்கள். பிள்ளையை எடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து சின்னமணி ஒரு சொல்லும் கதைக்கவில்லை என்று அவளுடைய தமையன் எழுதியிருந்தார். தம்பிமுத்து அண்ணை இங்கே அகதி முகாமில் வைத்து அந்தக் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அழவில்லை. “முகத்தப் பாத்திருந்தா அழலாம், புள்ள” என்றார். அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

86 மாசி மாதம் நான் துப்புரவு வேலை செய்த மண்டபத்துக்கு அமெரிக்கக் கட்டடக்கலைக் கண்காட்சி வந்தது. தனி ஆட்களின் வீடு தொடங்கி நூலகம், நகரமண்டபம், நீதிமன்றம் வரைக்கும், அண்மையில் அமெரிக்காவில் கட்டினவையும் கடதாசியோடு நின்றுபோனவையும். அட்டையிலும் மரத்திலும் செய்த மாதிரிகள், சுவர் உயரத்துக்குப் படங்கள். ஒரு நகரமண்டபத்துக்குக் கோவில் கோபுரம் மாதிரி நிறம் அடித்திருந்தார்கள். இன்னொரு வீட்டுக்கு வெளியே தகரமும் கம்பிவலையும். பணக்காரர் விரும்பிக் கட்டினதாம். கடவுளே! அகதி முகாமில் நாங்கள் இருந்த கொட்டிலைப் படமெடுத்து மாட்டினால் அதற்கும் சனம் ரிக்கெற் எடுத்துக்கொண்டு வந்திருக்கும்.

மண்டபத்தின் நடுவில் உண்மையான அளவில் ஒரு வீடும் நிற்க வேண்டும் என்று கண்காட்சிப் பொறுப்பாளர் கியர்ஸ்டன் முடிவு செய்திருந்தாள். யாரோ ஓர் அமெரிக்கர் வரைந்து, அங்கே ஒருவரும் கட்டத் துணியாத வீடு. மொழிப் பள்ளிக்கூடத்தில் தச்சர் இருக்கிறாரா என்று கேட்டு, தம்பிமுத்து அண்ணையைக் கூட்டிவந்தார்கள். அவருக்கு டெனிஷ் பத்துச் சொல்கூட வராது. வரைபடத்தை விரித்துவைத்தால் கடிதம் வாசிக்கிற மாதிரி வாசிப்பார்.

அந்த வீட்டை என்னவென்று சொல்ல! வெள்ளைச் சுவர், சதுரச் சதுரமாக ஓட்டைகள். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் கூரையிலிருந்து ஒரு தூண் இறங்கி, நிலத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றுவிடும். கூரையின் அடியில் தலைகீழாக ஒரு படிக்கட்டு. யாராலும் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. இருக்கிற மனிதரை வீடு யோசிக்க வைக்க வேண்டும் என்பதுதான் இதன் கருத்து என்று கியர்ஸ்டன் எனக்கு விளங்கப்படுத்தினாள். நாள் முழுக்க யோசித்துவிட்டுக் காலை நீட்டத்தானே வீடு, அங்கேயும் யோசனையா என்று கேட்டேன். சிரித்தாள்.

தம்பிமுத்து அண்ணை சிரிக்கவில்லை. “தூணெண்டா நிலத்தில நிக்கோணும், புள்ள. இது தூண் இல்ல. வீடும் இல்ல. சாமான்” என்றார். ஆனால் ஒரு நூல் பிசகாமல் செய்து நிறுத்தினார். பிறகும் திருத்த வேலைகளுக்கு அவரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

அவருடைய பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீடு கட்டி முடிந்து ஆட்கள் குடிபுக முதல் தச்சன் கழிப்பு என்று ஒன்று செய்ய வேண்டும். போக்கிடம் இல்லாமல் அலைகிறது எதுவும் புது வீட்டைக் கண்டால் வந்து குந்திக்கொள்ளுமாம். கட்டிய தச்சன்தான் பூசணிக்காய் வெட்டி அதை வெளியே அனுப்பி, வீட்டைத் துப்புரவாகக் கையளிக்க வேண்டும். மட்டக்களப்பிலும் சவூதியிலும் அதைச் செய்யாமல் அவர் ஒரு வேலையையும் முடித்ததில்லை. சவூதியில் பயந்து பயந்து அறைக்குள் எலுமிச்சம்பழம் வெட்டினாராம். இங்கே மட்டும் செய்யவில்லை. குடியிருக்கப்போவது யாருமில்லை, கண்காட்சிச் சாமானுக்குக் கழிப்பு எதற்கு என்று விட்டுவிட்டார். அவர் விட்ட பிழை அதுதான்.

திறந்து இரண்டாம் கிழமையே, காலையில் தொங்குகிற தூணுக்கு நேர் கீழே ஒரு கோப்பை அளவு தண்ணீர் நின்றது. துடைத்தேன். அடுத்த நாளும் நின்றது. கூரை ஒழுகுகிறதென்று கியர்ஸ்டன் ஆள் பிடித்து ஏற்றிப் பார்த்தாள். கூரை காய்ந்து கிடந்தது. நான் மொப்பை முகர்ந்து பார்த்தேன். பாசி மணத்தது. கர்த்தரை நினைத்துக்கொண்டு ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு. கடல் உப்பு இல்லை, அதைவிடக் குறைவு. கடலோடு கலக்கிற தங்கள் ஊர் வாவித் தண்ணீர் இப்படித்தான் இருக்கும் என்று பிறகு தம்பிமுத்து அண்ணை எனக்குச் சொன்னார்.

பங்குனியில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். நான் ஜன்னல் துடைத்துக்கொண்டு நின்றேன். ஆறு வயது வெள்ளைக்காரப் பெட்டைப் பிள்ளை ஒன்று தலைகீழ்ப் படியை அண்ணாந்து பார்த்து, ஆசிரியையின் சட்டையைப் பிடித்து இழுத்தது. “அந்தப் பிள்ளை ஏன் நனைஞ்சிருக்கு?” என்று டெனிஷில் கேட்டது. எந்தப் பிள்ளை என்று ஆசிரியை கேட்டாள். பெட்டை மேலே கையைக் காட்டியது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வெறும் படிதான். ஆசிரியை, நல்ல கற்பனை என்று மெச்சிவிட்டு அடுத்த மாதிரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

சித்திரையில் சின்னமணி வந்து சேர்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சொன்ன இடத்தில் இருப்பாள். சொல்லாவிட்டால் நிற்பாள். தனியே விட்டுவிட்டு வர மனமில்லாமல் மூன்றாம் நாள் தம்பிமுத்து அண்ணை அவளையும் மண்டபத்துக்குக் கூட்டி வந்தார். திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவர் ஒரு கதவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்த வீட்டுக்குள் நேராக நடந்து போய், தூணடியில் நின்று, அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்: “இறங்கு மகள். விழப்போறாய்.”

ஆறு மாதமாகப் பூட்டியிருந்த குரல், கரகரத்துத்தான் வந்தது. தம்பிமுத்து அண்ணையின் கையிலிருந்த சுத்தியல் விழுந்தது. ஓடிப்போனார். அவள் அவரைப் பார்த்து, ஏதோ நேற்றும் கதைத்தவள் மாதிரி, “சத்தம் போடாதீங்க, பயந்துடுவாள்” என்றாள்.

அதன் பிறகு தினமும் வந்தாள். தூணுக்குப் பக்கத்தில் தரையில் இருப்பாள். விரல்கள் காற்றில் மூன்று புரி பிரித்து ஒரு தலையைப் பின்னும். பின்னி முடித்ததும் உள்ளங்கையைச் சேலையில் துடைப்பாள். சேலை ஈரமாகும். அவள் கேட்பாள், பதில் வரும். பொய் சொல்லவில்லை, எனக்கும் கேட்டது. சொற்கள் பிரிந்து கேட்கவில்லை, அடுத்த அறையில் பிள்ளை விளையாடுகிற மாதிரி. நான் வேதப்புத்தகச் சங்கீதம் சொல்லிக்கொண்டே மொப் போட்டேன். எங்கள் ஜெபரட்ணம் பாஸ்டர், அந்த வேலையை விடு, அது சாத்தான் என்றார். சாத்தான் தலை பின்னக் கழுத்தைக் குனிந்து கொடுக்குமா பாஸ்டர் என்று கேட்டுவிட்டேன். மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை.

தம்பிமுத்து அண்ணைக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

மத்தியானத்தில் சாப்பிடாமல் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தலைகீழ்ப் படிக்குக் கீழே இருப்பார். கண்ணை மூடுவார், காதைத் திருப்புவார். ஒருநாள் என்னிடம் வந்து, “உனக்குக் கேக்குது. எங்கேயோ இருந்து வந்த வெள்ளப் புள்ளைக்குத் தெரியுது. நான் கட்டின வீடு, என்ட புள்ள. எனக்கு மட்டும் ஏன் இல்ல?” என்று கேட்டார். உங்களுக்கு அவளின் குரல் பழக்கமில்லை அண்ணை, கேட்டாலும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு மொப்பைப் பிழியப் போனேன்.

ஆனி முப்பதோடு கண்காட்சி முடிகிறது என்றும், வீட்டைக் கழற்றி மரங்களை ஹோர்சன்ஸ் என்ற ஊரில் ஒரு களஞ்சியத்தில் அடுக்கப்போகிறார்கள் என்றும் கியர்ஸ்டன் சொன்னாள். தம்பிமுத்து அண்ணை இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்தார். கழிப்புச் செய்யாமல் கழற்றினால் பிள்ளை மரத்தோடு போய் அந்த இருட்டில் அடைபடும். செய்தால் போய்விடும், சின்னமணியின் வாயும் பழையபடி பூட்டிக்கொள்ளலாம். அதோடு, அவர் மகளின் குரலை ஒருநாளும் கேட்கப்போவதில்லை. “ஒருக்கா கேட்டுட்டு அனுப்பிறன்” என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டார். கடைசிக் கிழமையும் வந்துவிட்டது.

முடிவைச் சொன்னது சின்னமணிதான். “அவளுக்குக் குளிருதாம். போகப் பயமாக் கிடக்காம், ஆரும் வழி சொல்லல்லையாம். அனுப்பிவிடுங்க” என்றாள். சொல்லிவிட்டு முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை மண்டபம் பூட்டு. கழிப்பு இருட்டில்தான் செய்ய வேண்டும், ஆனால் இராப் பத்து மணிக்கும் வெளிச்சமாக இருக்கிற ஆனி மாத ஓல்போர்க்கில் இருட்டுக்கு எங்கே போவது? காலை பதினொரு மணிக்கே செய்தோம். பாரம்பரியச் சடங்கு என்று சொல்லித்தான் அனுமதி வாங்கினேன். கியர்ஸ்டன் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். போய்க் கோப்பி குடி, நான் பிறகு சொல்கிறேன் என்று கதவைச் சாத்தினேன். பூசணிக்காய் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் ஒரு வெள்ளைக் கோவாவும், முட்டைக்கோஸ்தான், ஆறு எலுமிச்சம்பழமும் வாங்கியிருந்தார். காற்சட்டைக்கு மேலே வேட்டியைக் கட்டிக்கொண்டு, உளியைக் கழுவித் துடைத்து வைத்தார்.

“மூண்டு தரம் சொல்லோணும்” என்று எனக்கு விளங்கப்படுத்தினார். “மூண்டாந்தரம் சொன்னதோட வெட்டோணும். போ எண்டுதான் சொல்லலாம். போயிட்டு வா எண்டு சொல்லப்படாது. அன்பாயும் சொல்லப்படாது. சொன்னா நிண்டுடும்.”

எலுமிச்சம்பழங்களை நறுக்கி மூலைகளில் எறிந்தார். சின்னமணி தூணடியில் இருந்தாள். அவளைச் சுற்றித் தரை முழுக்க ஈரம். முதல் தரம் “போ” என்றார். ஒன்றுமில்லை. இரண்டாந்தரமும் சொன்னார். மூன்றாந்தரத்துக்கு அவருக்கு வாய் வரவில்லை. அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

அப்போதுதான் கேட்டது. முதல் தடவையாகச் சொல் பிரிந்து, தெளிவாக. தலைகீழ்ப் படியின் நடுவிலிருந்து, ஐந்து வயதுப் பிள்ளையின் குரல், தாயிடம் மெதுவாகக் கேட்டது.

“ஆரும்மா இந்த மாமா?”

அவருக்கும் கேட்டுவிட்டது. சின்னமணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் மற்றக் கையை நீட்டி மறித்தார்.

“சொல்லாத, சின்னமணி” என்றார். “அப்பா எண்டு தெரிஞ்சா நிண்டுடுவாள்.”

பிறகு நிமிர்ந்து, அந்தக் குரல் வந்த இடத்தைப் பார்த்து, “போ” என்று சொல்லிக் கோவாவை வெட்டினார். பிறந்த நாள் முதல் அந்தப் பிள்ளையோடு தகப்பன் கதைத்தது அந்த ஒரு சொல்தான்.